வாங்கும் வங்கியும்: திருகோணமலையில் ஒரு மொழிபெயர்ப்புக் கடை

திருகோணமலை நீதிமன்றங்களிலிருந்து நடந்து போகும் தூரத்தில், நிழற்பிரதி எடுப்பது, உறுதிகளைத் தட்டச்சுச் செய்வது, பிறப்புச் சான்றிதழ்களை மொழிபெயர்ப்பது ஆகியவற்றைத் தொழிலாகக் கொண்ட சிறு கடைகள் சில உள்ளன. அவற்றுள் ஒன்றுக்குச் சென்ற மாதம் நான் பதினான்கு பக்கங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவை போர்த்துக்கேய மொழியில் இருந்தன. பிரேசிலில் சட்டத்தரணியாகவும் குற்றவியற் சட்டப் பேராசிரியராகவும் இருந்து மாநில அரசியலுக்கு வந்த ஜனாயினா பஸ்கோவால் என்ற பெண்மணியின் பொதுவாழ்க்கையைப் பற்றிய அந்தப் பக்கங்களைத் தமிழில் தரும்படி கேட்டிருந்தேன். அந்த வேலை எப்படி நடந்தது என்பதை இங்கு எழுதுகிறேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் கடையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

உயர்தர வகுப்புகளுக்கு அரசியல் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். கட்சிக்கு மட்டுமன்றி அதன் வேட்பாளர்களுள் விரும்பியவர்களுக்கும் வாக்களிக்கும் விருப்பு வாக்கு முறையைப் பற்றி எங்கள் வாசகர் வட்டத்தில் பேச ஒப்புக்கொண்டிருந்தேன். 2024 நவம்பர்ப் பொதுத் தேர்தலில் கம்பஹா மாவட்டத்தில் விஜித ஹேரத் பெற்ற 716,715 விருப்பு வாக்குகளைப் பற்றி முந்திய கூட்டத்தில் பேச்சு வந்தபோது, இதைவிடக் கூடுதலாக வேறெந்த நாட்டிலாவது ஒருவர் பெற்றிருக்கிறாரா, பெற்றவர் அதை வைத்து என்ன செய்தார் என்று இளைஞர் ஒருவர் கேட்டார். கேள்வியின் முதற்பாதிக்கு விடை எளிதாகக் கிடைத்தது. 2018 ஒக்டோபர் 7ஆம் திகதி சாவோ பாலோ மாநிலச் சட்டமன்றத்துக்குப் போட்டியிட்ட ஜனாயினா பஸ்கோவாலுக்கு 2,060,786 பேர் வாக்களித்தனர். மாநிலச் சட்டமன்றமானாலும் மத்திய பிரதிநிதிகள் சபையானாலும் பிரேசிலில் அதுவரை எந்த உறுப்பினரும் அத்தனை வாக்குகளைப் பெற்றதில்லை. எங்கள் திருகோணமலை மாவட்டத்தின் வாக்காளர் இடாப்பு முழுவதையும் ஆறு மடங்காக்கினாலும் அந்தத் தொகை வராது. கேள்வியின் இரண்டாம் பாதிக்குத்தான் அந்தப் பதினான்கு பக்கங்கள் தேவைப்பட்டன.

கடைக்குள் ஒரு மேசை, இரண்டு கணினிகள், ஒரு நிழற்பிரதி இயந்திரம், வருபவர்கள் இருப்பதற்கு ஒரு நீள வாங்கு ஆகியவற்றைத் தவிர வேறொன்றுக்கும் இடமில்லை. நகருக்குள் அலைந்து திரியும் புள்ளிமான்களில் ஒன்று வாசற்படியில் நின்று, கழித்துப்போட்ட தாளொன்றைத் தின்ன முயன்றுகொண்டிருந்தது. கச்சான் காற்றுக் காலமாதலால் ஒவ்வொரு தாள்கட்டின் மீதும் ஒரு கல் வைக்கப்பட்டிருந்தது. கடையை நடத்துபவர் நாற்பது வயதை ஒட்டிய பெண்மணி. சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரான அவர், போர்த்துக்கேயம் தமக்குத் தெரியாது என்பதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார். “சேர், கொம்பியூட்டர்ல போட்டு இங்கிலிசாக்கித்தான் தமிழுக்குக் கொண்டுவருவன். விளங்காத இடத்தைப் பென்சிலால குறிச்சு வைக்கிறன், பிறகு நீங்கள் பார்த்துச் சொல்லுங்கோ” என்றார். தெரியாததைத் தெரியாதென்று சொல்லும் மொழிபெயர்ப்பாளரை நான் அதற்குமுன் அதிகம் கண்டதில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்காகவே வேறு கடை தேடாமல் முற்பணத்தைக் கொடுத்தேன்.

இன்னொரு காரணமும் இருந்தது. பாலையூற்றைச் சேர்ந்த, ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர் சமூகத்துப் பெரியவர் ஒருவர் வாரத்தில் இரண்டு நாட்கள் அங்கு வந்து, கையெழுத்துத் தேய்ந்துபோன பழைய ஆங்கில உறுதிகளை வாசித்துக் கொடுப்பார். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் வாழும் பறங்கியர் சிலரின் வீடுகளில் இன்னமும் நடமாடும் இலங்கைப் போர்த்துக்கேயக் கிரியோல் மொழி அவருக்குத் தாய்வழியாக வந்தது. கோணேசர் கோயிலை 1620களில் இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டிய போர்த்துக்கேயர் விட்டுப்போன கலப்பு மொழி அது. அவர்களைப் பற்றி நமக்கு எவ்வளவு மனக்குறை இருந்தாலும், கதிரை, மேசை, வாங்கு, அலுமாரி, சாவி, துவாய் என்று அவர்களுடைய சொற்களின்றி நம் வீடுகளில் ஓர் அறையைக்கூடத் தளபாடமிட முடியாது. கிரியோல் வேறு, பிரேசிலின் சட்டமொழி வேறு. ஆயினும் ஒலியைக் கேட்டுச் சொல்லின் வேரைப் பிடிக்க அந்தப் பெரியவரால் முடிந்தது. முதற்பக்கத்தில் வந்த ‘அத்வொகாதா’ என்ற சொல்லை வாசித்துக் காட்டியதும், “இது எங்கட அப்புக்காத்துத்தானே” என்று, சட்டத்தரணிக்கு நம் ஊரில் வழங்கும் பழைய சொல்லைச் சொன்னார். உண்மைதான், இரண்டும் ஒரே இலத்தீன் மூலத்திலிருந்து வந்த உறவுச் சொற்கள்.

கட்டணம் பக்கமொன்றுக்கு 600 ரூபா. சத்தியப்பிரமாண முத்திரை தேவையில்லை என்றதால் அது குறைந்த கட்டணம். நான்கு நாட்களில் தருவதாகச் சொன்னதை ஒன்பதாவது நாளில் தந்தார்கள். நீதிமன்றத் தவணை நாட்களில் கடை நிரம்பி வழிவதைக் கண்ணால் கண்டதால் அதைப் பெரிய குற்றமாகக் கொள்ளவில்லை. ஆனால் மென்பிரதியை யுனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தந்தது எனக்குச் சினமூட்டியது. கைபேசியில் திறந்தபோது ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக் குறிகளும் குழம்பிக் கிடந்தன. யுனிகோட்டில் வேண்டுமென்று கேட்டபின் மறுநாள் மாற்றித் தந்தார்கள். இதை முதலிலேயே கேட்பது வாடிக்கையாளரின் கடமை என்று கடையில் கருதுகிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை.

இனி உள்ளடக்கத்துக்கு வருகிறேன். ஜனாயினா 1974இல் சாவோ பாலோ நகரில் பிறந்தவர். 1827இல் நிறுவப்பட்ட, பிரேசிலின் மிகப் பழைய சட்டக் கல்லூரிகளுள் ஒன்றான, இப்போது சாவோ பாலோ பல்கலைக்கழகத்தின் அங்கமாக இருக்கும் சட்ட பீடத்தில் படித்து, அங்கேயே கலாநிதிப் பட்டம் பெற்று, அங்கேயே குற்றவியற் சட்டம் கற்பித்தவர். இந்தப் பகுதியின் மொழிபெயர்ப்பில் குறை சொல்ல இடமில்லை. சான்றிதழ் மொழிபெயர்ப்பவர்களுக்குப் பட்டங்களும் பதவிப்பெயர்களும் கைவந்த பொருள். சட்டத்தரணி, விரிவுரையாளர், கலாநிதி என எல்லாம் உரிய இடத்தில் உரிய சொல்லாக அமைந்திருந்தன.

சிக்கல் 2015இல் தொடங்கியது. அந்த ஆண்டில் ஜனாதிபதி டில்மா ரூசெஃபைப் பதவி நீக்கக் கோரும் மனுவொன்றை மூன்று சட்டவியலாளர்கள் பிரதிநிதிகள் சபையில் கையளித்தனர். ஒருவர் ஜனாயினா. மற்றொருவர் முன்னாள் நீதி அமைச்சரும் அவருடைய ஆசிரியருமான மிகெல் றியாலே ஜூனியர். மூன்றாமவர் ஏலியோ பிகூடோ; டில்மாவின் தொழிலாளர் கட்சியை நிறுவியவர்களில் ஒருவராக இருந்து, பின்னர் அதைவிட்டு விலகிய முதிய சட்டத்தரணி. தாம் தொடங்கிய கட்சியின் ஜனாதிபதிக்கு எதிராக அவரே கையொப்பமிட்டது அந்த மனுவுக்குத் தனியான கனத்தைக் கொடுத்தது. 2015 டிசம்பர் 2ஆம் திகதி அவையின் தலைவர் எடுவார்டோ குன்யா மனுவை ஏற்றுக்கொண்டார்.

மனுவின் முக்கியமான குற்றச்சாட்டு, போர்த்துக்கேயத்தில் ‘பெதலாதா’ என்று வழங்கப்பட்டது. மிதிவண்டியின் மிதியை மிதிப்பது என்பது அதன் நேர்ப்பொருள். சமூக நலக் கொடுப்பனவுகளையும் விவசாயக் கடன் மானியங்களையும் அரச வங்கிகள் தம் பணத்திலிருந்து செலுத்த, அவற்றுக்கு அரசாங்கம் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணத்தைத் தாமதித்து, வரவு செலவுக் கணக்கு நன்றாக இருப்பதுபோல் காட்டியது என்பதே குற்றச்சாட்டு. அது வங்கிகளிடமிருந்து கடன் வாங்கியதற்குச் சமம் என்றும், 2000ஆம் ஆண்டின் நிதிப்பொறுப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது என்றும் மனுதாரர்கள் வாதிட்டனர். காங்கிரசின் அனுமதியின்றி மேலதிகச் செலவு ஆணைகளைப் பிறப்பித்தது இரண்டாவது குற்றச்சாட்டு.

முதற்படியில் இந்தப் பந்தி, “அரசாங்கம் பொது வாங்குகளுக்குக் கொடுக்க வேண்டிய காசைக் கொடுக்காமல் மிதித்தது” என்று இருந்தது. போர்த்துக்கேயத்தில் ‘பாங்கோ’ என்ற ஒரே சொல் வங்கியையும் குறிக்கும், இருக்கும் வாங்கையும் குறிக்கும். நம் ‘வாங்கு’ பிறந்ததும் அந்தச் சொல்லிலிருந்துதான். கணினி சரியாகவே ஆங்கிலப்படுத்தியிருக்க, பாலையூற்றுப் பெரியவர் மூலத்தை உரக்க வாசித்து, இது வாங்கு என்று உறுதியாகச் சொன்னதால் அந்தப் பெண்மணி திருத்தியிருக்கிறார். மூத்தவர் சொன்னதை மறுக்க மனம் வராத நம் ஊர்ப் பண்பு மொழிபெயர்ப்புக்குள்ளும் புகுந்துவிட்டது. நான் சுட்டிக்காட்டியபோது பெரியவர் மனம் நோகாமல் சிரித்தார், தாம் இருந்த வாங்கைத் தட்டிக் காட்டி, “இதில காசு வைச்சா ஆர் வட்டி தாறது?” என்று கேட்டார்.

அந்தத் திருத்தம் அடுத்த படியில் ஒரு பெருங்கூத்தை உண்டாக்கியது. ‘வாங்கு’ என்று கண்ட இடமெல்லாம் ‘வங்கி’ என்று மாற்றும்படி தட்டச்சுச் செய்யும் பிள்ளை கணினிக்கு ஒரே கட்டளையிட்டிருக்கிறார். வங்கிகள் சரியாகிவிட்டன. ஆனால் தேர்தலைப் பற்றிய பக்கத்தில், தம் பெயருக்காக விழும் வாக்குகளால் கட்சியின் மற்ற வேட்பாளர்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு வரும் ‘வாக்கு வாங்குபவர்’, ‘வாக்கு வங்கிபவர்’ ஆனார். அதைவிட மோசமாக, சட்டமன்றக் குழுவைக் குறிக்கும் ‘பங்காதா’ என்ற சொல்லை முதற்படியில் ‘வாங்கு வரிசை’ என்று ஓரளவு பொருத்தமாகவே எழுதியிருந்தார்கள். அதுவும் வங்கி வரிசையாகிவிட்டது. ஜனாயினாவின் கட்சி சாவோ பாலோ சட்டமன்றத்தில் பதினைந்து பேர் கொண்ட மிகப் பெரிய வங்கியை அமைத்தது என்று வாசித்தபோது, அவர் அரசியலை விட்டு நிதித்தொழிலுக்குப் போய்விட்டாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். அந்தப் பக்கங்களை மீண்டும் தட்டச்சுச் செய்ய அவர்கள் காசு கேட்கவில்லை.

அடுத்த குறை சிரிக்கக்கூடியதல்ல. பதவி நீக்க நடைமுறையை மொழிபெயர்ப்பு முழுவதும் ‘நம்பிக்கையில்லாப் பிரேரணை’ என்று எழுதியிருந்தார்கள். செய்தித்தாள்களில் அடிக்கடி காணும் சொல் என்பதால் கை தானாக அங்கே போயிருக்க வேண்டும். நம்பிக்கையில்லாப் பிரேரணைக்குக் குற்றம் எதுவும் தேவையில்லை; பெரும்பான்மை இழந்தாலே போதும். இங்கு வந்திருக்க வேண்டிய சொல் ‘குற்றப்பிரேரணை’; அதற்குக் குற்றம் வேண்டும். பிரேசிலில் 1950ஆம் ஆண்டின் 1079ஆம் இலக்கச் சட்டம் அந்தக் குற்றங்களை வரையறுத்து, எந்தக் குடிமகனும் ஜனாதிபதிக்கு எதிராகப் பிரதிநிதிகள் சபையில் முறையிடலாம் என்று அனுமதிக்கிறது. ஒரு பேராசிரியை நாட்டின் தலைவரைப் பதவியிலிருந்து இறக்கும் நடைமுறையைத் தொடக்கிவைக்க முடிந்தது இந்த ஏற்பாட்டினால்தான். நம் அரசியலமைப்பின் 38ஆவது உறுப்புரை அந்த வழியைப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு மட்டுமே திறந்து வைத்திருக்கிறது. 1991இல் ஜனாதிபதி பிரேமதாசவுக்கு எதிரான முயற்சி சபாநாயகரின் மேசையோடு நின்றுபோனதை வயதானவர்கள் நினைவு வைத்திருப்பார்கள். ஆகவே இங்கே ஒரு சொல் பிழைத்தால் முழு வரலாறும் பிழைத்துவிடும். கடைக்காரப் பெண்மணி என் விளக்கத்தைக் கவனமாகக் கேட்டு, ஒரு கொப்பியில் இரண்டு சொற்களையும் எதிரெதிரே எழுதி வைத்துக்கொண்டார்.

‘கோல்பே’ என்ற சொல்லும் இதே வகைதான். டில்மாவின் ஆதரவாளர்கள் நடந்த எல்லாவற்றையும் அந்த ஒரே சொல்லால் அழைத்தார்கள். நேர்ப்பொருளில் அது ‘அடி’. அரசியலில் ஆட்சிக்கவிழ்ப்புச் சதி. மொழிபெயர்ப்பில் “இது ஓர் அடி என்று மக்கள் கோஷமிட்டனர்” என்று இருந்தது. மேலோட்டமாக வாசித்தால் பிழை தெரியாது. நம்மவர்களும் அரசியலில் அடி விழுந்ததாகச் சொல்வதுண்டு. ஆனால் அந்த நாட்டில் 1964இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்து 1985 வரை விடாமல் வைத்திருந்தது. அந்த நினைவோடு உச்சரிக்கப்பட்ட சொல்லை ‘அடி’ என்று எழுதினால் அதன் கசப்பு போய்விடும்.

என்ன நடந்ததென்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2016 ஏப்ரல் 17ஆம் திகதி பிரதிநிதிகள் சபையின் 513 உறுப்பினர்களுள் 367 பேர் விசாரணைக்கு ஆதரவாகவும் 137 பேர் எதிராகவும் வாக்களித்தனர். ஓகஸ்ட் 31ஆம் திகதி செனட் சபை 61க்கு 20 என்ற வாக்குகளால் டில்மாவைப் பதவி நீக்கியது. அந்த ஏப்ரலிலேயே சட்ட பீடத்தின் முன்னால் நடந்த கூட்டத்தில் ஜனாயினா தேசியக் கொடியைச் சுழற்றி, நாட்டைப் பாம்பின் பிடியிலிருந்து விடுவிக்க வேண்டும் என்ற உருவகத்தோடு உரத்த குரலில் பேசிய காணொளி நாடெங்கும் பரவியது. சிலர் அதில் ஆவேசத்தைக் கண்டார்கள், சிலர் கேலிக்கு எடுத்துக்கொண்டார்கள். செனட் சபையில் இறுதி வாதத்தின்போது அவரே கண்கலங்கி, டில்மாவுக்கு ஏற்படுத்திய வேதனைக்காக மன்னிப்புக் கேட்டார். கணக்கு முறைகேட்டுக்குப் பதவி நீக்கம் ஏற்ற தண்டனைதானா என்பதில் எனக்கு இன்றும் ஐயம் உண்டு. ஆனால் எதிர்த்தரப்பிடம் அழுதுகொண்டு மன்னிப்புக் கேட்ட வழக்குரைஞரின் அந்தக் காட்சியை மொழிபெயர்ப்பு மிக அழகாகத் தந்திருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். சட்டச் சொற்களில் தடுமாறிய அதே கை, மனிதர் பேசும் இடத்தில் தயங்கவில்லை.

2018இல் ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிட்ட ஜயிர் பொல்சொனாரோ தம்மோடு உப ஜனாதிபதி வேட்பாளராக நிற்கும்படி அவரைக் கேட்டார். ஜூலையில் நடந்த கட்சி மாநாட்டு மேடையிலேயே, எல்லோரும் ஒரே மாதிரிச் சிந்திக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது ஆபத்து என்ற கருத்தில் ஜனாயினா பேச, கூட்டம் உற்சாகம் குன்றியது. அவர் அந்த அழைப்பை ஏற்கவில்லை. ஹமில்டன் மோராவோ என்ற ஓய்வுபெற்ற இராணுவ ஜெனரல் அந்த இடத்துக்கு வந்தார். ஜனாயினா சாவோ பாலோவிலேயே இருந்து மாநிலச் சட்டமன்றத்துக்குப் போட்டியிட்டார்.

அந்தத் தேர்தலில் அவர் பெற்ற வாக்குத்தொகையையும் கடை தவறவிட்டது. பிரேசிலில் ஆயிரங்களைப் பிரிக்கப் புள்ளி இடுவார்கள், காற்புள்ளி தசமத்துக்கு உரியது. ஆகவே மூலத்தில் 2.060.786 என்று இருந்ததை முதற்புள்ளியைத் தசமமாகக் கொண்டு ‘2.060786’ எனத் தட்டச்சுச் செய்திருந்தார்கள். இரண்டு வாக்குகளும் கொஞ்சச் சில்லறையும் பெற்று ஒருவர் சாதனை படைத்ததாக ஆகிவிட்டது. இலக்கங்களைப் பொறுத்தவரையில் இந்தக் கடையை மட்டுமன்றி எந்தக் கடையையும் நம்பாமல், மூலத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கும்படி சொல்வேன். ஜனாயினா பின்னர் கொண்டுவந்த மகப்பேற்றுச் சட்டத்தைப் பற்றிய பக்கத்தில், “கருவுற்ற 39ஆவது வாரத்திலிருந்து” என்றிருக்க வேண்டியது “39 வயதிலிருந்து” என்று வந்திருந்தது. கூட்டத்தில் அப்படியே வாசித்திருந்தால் இளந்தாய்மார் எவருக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது என்று பதிந்துபோயிருக்கும்.

ஆனால் என் பார்வையில் மிகப் பெரிய பிழை ‘மாகாண சபை உறுப்பினர்’ என்ற சொல்தான். ‘தெபுதாதா எஸ்தாதுவால்’ என்ற பதவிப்பெயருக்கு அந்தப் பெண்மணி அதையே எழுதியிருந்தார். அவர் தரப்பிலும் நியாயம் இருந்தது. மத்திக்குக் கீழே உள்ள சட்டமியற்றும் மன்றம் நமக்கு மாகாண சபைதானே, வாசிப்பவருக்கு உடனே விளங்குமே என்றார். கிழக்கு மாகாண சபையின் தலைநகர் திருகோணமலை; அந்த அலுவலகங்களைத் தாண்டித்தான் தினமும் பாடசாலைக்குப் போய்வந்தேன். 2017 செப்டெம்பரில் சபையின் காலம் முடிந்த பின் தேர்தல் நடக்கவில்லை. 37 உறுப்பினர்கள் இருந்த இடத்தில் ஒருவரும் இல்லாமல் ஆளுநரின் கீழ் நிருவாகம் நடக்கிறது. அந்த ஆளுநரை ஜனாதிபதி நியமிக்கிறார். சாவோ பாலோவின் ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த மாநிலத்துக்குத் தனி அரசியலமைப்பும் தனி மேல்நீதிமன்றமும் ஆளுநரின் கட்டளையில் இயங்கும் பொலிசும் உண்டு. 94 ஆசனங்களைக் கொண்ட அந்தச் சட்டமன்றத்தை மாகாண சபை என்று எழுதினால், நம் வாசகர் மனத்தில் எழுவது பூட்டிக் கிடக்கும் ஒரு மண்டபம்.

ஆயினும் அந்தப் பெண்மணியோடு வாதிட்டுக்கொண்டிருந்தபோதுதான், அவருடைய பிழைக்குள் ஒரு மெய் ஒளிந்திருப்பதைக் கவனித்தேன். 1988ஆம் ஆண்டின் பிரேசில் அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை குற்றவியற் சட்டம், குடியியற் சட்டம், நடவடிக்கைமுறைச் சட்டம், தேர்தற் சட்டம் ஆகியவற்றை இயற்றும் அதிகாரத்தை மத்திக்கு மட்டுமே ஒதுக்குகிறது. வாழ்நாள் முழுவதும் குற்றவியற் சட்டத்தைக் கற்றுக் கற்பித்தவர், நாட்டிலேயே அதிகமான வாக்குகளைப் பெற்று, குற்றவியற் சட்டத்தில் ஓர் எழுத்தையும் மாற்ற அதிகாரமில்லாத மன்றத்தில் போய் அமர்ந்தார். மாகாண சபைகளுக்கு வழிவகுத்த நம் பதின்மூன்றாம் திருத்தத்தின் ஒன்பதாம் அட்டவணையில் மாகாண நிரல், மத்திக்கு உரிய ஒதுக்கிய நிரல், இருவருக்கும் பொதுவான ஒருங்கிய நிரல் என்று மூன்று இருப்பதையும், கைக்கெட்டுவதுபோல் தெரிபவை எல்லாம் ஒதுக்கிய நிரலில் கிடப்பதையும் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியவன் என்பதால் இது எனக்குப் புதிதாகப் படவில்லை.

இருபது இலட்சம் வாக்குகளுக்கும் மன்றத்தில் கிடைத்தது ஒரு கதிரை, ஒரு வாக்கு. வாக்காளர் ஐந்து இலக்கங்களை இயந்திரத்தில் அழுத்தி ஒருவரை மட்டும் தெரிவு செய்யும் பிரேசில் முறையில், வேட்பாளரின் வாக்கு கட்சியின் மொத்தத்தோடு சேர்ந்து ஆசனங்களாகப் பிரிகிறது. முதலில் கட்சிக்கு வாக்களித்து, பிறகு அதற்குள் மூன்று பேர் வரை விருப்பு அடையாளமிடும் நம் முறையைவிட இது தனிமனிதரின் பெயருக்குக் கூடுதல் இடம் தருகிறது. அவருடைய வாக்குகள் கட்சிக்குப் பதினைந்து ஆசனங்களைச் சேர்க்க உதவின. ஆனால் 2019 மார்ச்சில் சட்டமன்றத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டபோது அவை துணைக்கு வரவில்லை. அங்கே வாக்களித்தவர்கள் உறுப்பினர்கள். கவே மக்ரிஸ் என்பவர் பெருவாரியாக வென்றார். இந்த இடத்தை வாசகர் வட்டத்தில் படித்தபோது, கேள்வி கேட்ட இளைஞர் தலையசைத்துக் குறிப்பெடுத்துக்கொண்டார்.

மாநில அதிகாரத்துக்குள் அவர் சாதிக்க முயன்றவற்றுள் பேசப்பட்டது, மேலே சொன்ன மகப்பேற்றுச் சட்டம். அரச மருத்துவமனைக்கு வரும் கருவுற்ற பெண், 39ஆவது வாரத்திலிருந்து, மருத்துவக் காரணம் இல்லாவிட்டாலும் சிசேரியன் சத்திரசிகிச்சையைத் தெரிவு செய்யலாம் என்று அது கூறியது. தனியார் மருத்துவமனையில் பணக்காரப் பெண்ணுக்கு இருக்கும் தெரிவு ஏழைப் பெண்ணுக்கு ஏன் இல்லை என்பது அவருடைய வாதம். பிறப்புகளில் பாதிக்கு மேல் சிசேரியனாகவே நடக்கும் நாட்டில் இது அந்தப் பழக்கத்தை மேலும் ஊக்குவிக்கும் என்று பல மருத்துவர்களும் பெண்கள் அமைப்புகளும் எதிர்த்தனர். 2019 ஓகஸ்டில் ஆளுநர் கையொப்பமிட, அடுத்த ஆண்டிலேயே மாநில நீதிமன்றம் அதை அரசியலமைப்புக்கு முரணானது என்று தள்ளிவிட்டது.

2020 மார்ச்சில், கொரோனா பரவத் தொடங்கிய நாட்களில், ஜனாதிபதியாகிவிட்ட பொல்சொனாரோ ஆர்ப்பாட்டக் கூட்டத்தினரோடு கலந்துகொண்டதைக் கண்டித்து, அவர் பதவி விலக வேண்டும் என்று ஜனாயினா சட்டமன்றத்தில் பேசினார். பிறகு நடந்தவற்றை மூலமே ஒரு பக்கத்துக்குள் அடக்கிவிட்டது. நானும் அப்படியே செய்கிறேன். 2022இல் வேறு கட்சியில் நின்று செனட் சபைக்குப் போட்டியிட்டு, முன்னாள் விண்வெளிவீரர் மார்கோஸ் பொந்தெஸிடம் மிகவும் பின்தங்கித் தோற்றார். பொந்தெஸ் ஒரு கோடிக்கு மேல் வாக்குப் பெற, ஜனாயினாவுக்கு ஐந்து இலட்சமும் வரவில்லை. தவணை முடிந்து பல்கலைக்கழகத்துக்குத் திரும்பியபோது மாணவர் சங்கம் வெளிப்படையாக எதிர்த்தது. 2024 ஒக்டோபரில் 55 உறுப்பினர்களைக் கொண்ட சாவோ பாலோ மாநகரசபைக்குத் தெரிவானார். நாட்டின் தலைநகரில் தொடங்கி மாநிலம் வழியாக நகரத்துக்கு வந்த பயணம் அது. நம்மவர்கள் பிரதேச சபையில் தொடங்கிப் பாராளுமன்றத்துக்கு ஏறுவதையே பார்த்துப் பழகியதால், மொழிபெயர்ப்பாளர் இந்த வரிசையைப் பிழையென்று எண்ணிப் பென்சிலால் ஒரு கேள்விக்குறி இட்டிருந்தார். பிழையல்ல என்று எழுதிக் கொடுத்தேன்.

மொத்தம் 8,400 ரூபா கொடுத்தேன். மூன்று முறை திருத்தம் செய்தார்கள், மேலதிகக் கட்டணம் கேட்கவில்லை. பென்சிலால் குறித்த இடங்கள் பதினெட்டு. அவற்றுள் பதினைந்தில் உண்மையிலேயே சிக்கல் இருந்தது. குறிக்காமல் விட்ட பிழைகள் நான் மேலே சொன்னவையும் இன்னும் சிலவும். சான்றிதழ், உறுதி, சத்தியக்கடதாசி ஆகியவற்றுக்கு இந்தக் கடையைத் தயக்கமின்றிச் சொல்வேன். சட்டமன்றம், நீதிமன்றம், தேர்தல் பற்றிய வெளிநாட்டு எழுத்தானால், பதவிப்பெயர்களின் பட்டியலொன்றை முன்கூட்டியே நீங்களே எழுதிக் கொடுங்கள். நம் ஊர்ப் பதவிக்குள் வெளியூர்ப் பதவியைத் திணிக்க வேண்டாம் என்றும் சொல்லி வையுங்கள். மென்பிரதி யுனிகோட்டில் வேண்டுமென்று பற்றுச்சீட்டிலேயே எழுதுவித்துக்கொள்ளுங்கள். போயா நாட்களில் கடை பூட்டு. பாலையூற்றுப் பெரியவர் திங்களும் வியாழனும் முற்பகலில் மட்டுமே வருவார். போர்த்துக்கேயத் தாள் வைத்திருப்பவர்கள் அந்த நேரத்துக்குப் போவது நல்லது, வாங்கில் இடம் பிடிக்க எட்டரைக்கு முன்பே.